தனியே புதைத்த கால்

கறி வெந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

டோங்காத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய மணி அடிப்பதற்குள் குழியடுப்பை மூடிவிட வேண்டும் என்ற அவசரம். குழிக்குள் கற்கள் செக்கச் செவேலென்று காய்ந்து கிடந்தன. சியோசாயா பச்சைக் கம்பு ஒன்றால் அவற்றைப் பரப்பிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் சித்தப்பா மகன் பெனிசிமானி மூக்கை இழுத்து, "அண்ணே, இன்னைக்குக் கொழுப்பு நல்லா உருகுது. வாசனையே வயித்தைக் கிள்ளுது" என்றான். பொய்யில்லை. ஆட்டுக் கொழுப்பு கருகுகிற வாசனை வாழைத் தோட்டம்வரை போயிற்று. சியோசாயாவின் மனைவி லெசியெலிக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

அப்புறம்தான் அவள் தன் கையைப் பார்த்தாள். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய கறிப் பொட்டலங்கள் பன்னிரண்டும் அவள் ஏந்தியிருந்த தட்டில் பச்சையாகத்தான் இருந்தன. குழிக்குள் இன்னும் ஒன்றுமே போடவில்லை.

சியோசாயாவின் ரப்பர் செருப்பு வார் அறுந்து பின்னால் கிடந்தது. அவனுடைய இடது கால் குழியின் விளிம்பில் ஒரு கல்லின்மேல் இருந்தது. அதிலிருந்துதான் புகை வந்துகொண்டிருந்தது. அவன் பாட்டுக்குக் கம்பால் அடுத்த கல்லை நகர்த்திக்கொண்டே, "தட்டைக் கொண்டா. ஏன் அப்படி முழிக்கே?" என்றான்.

அவள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைப் பிடித்துத் தள்ளினாள். நூற்றறுபது கிலோ உடம்பு அசைந்து கொடுக்குமா? பெனிசிமானியும் சேர்ந்துதான் இழுத்தான். கல்லில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெனிசிமானி வாழை மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தான். சியோசாயா உட்கார்ந்து, காலைத் திருப்பிப் பார்த்து, யாரோ ஒருவன் காலைப் பார்ப்பதுபோல, "அட" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கும் பொட்டலங்களைக் குழியில் வைத்து மூடத்தான் செய்தார்கள். மத்தியானம் அவன் ஐந்து பொட்டலம் சாப்பிட்டான்.

இவன் ஒரு காலத்தில் எப்படி இருந்தான் என்று கேட்டால் டோங்கா மண்ணில் கிழக்குக் கோடி ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். பெருவள்ளிக் கிழங்கு இரண்டு கூடையைக் காவடியில் தூக்கிக்கொண்டு தோட்டத்திலிருந்து மூச்சு வாங்காமல் வருவான். பிறகு நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து அக்கா ஒரு பழைய வேன் அனுப்பினாள். வாடகை வண்டி ஓட்டத் தொடங்கியதும் தோட்டம் புதர் மண்டியது. காலையில் ஏறி உட்கார்ந்தால் இருட்டும்போதுதான் இறக்கம். இடையில் ஒரு முழு ரொட்டி, நூடுல்ஸைப் பச்சையாக நொறுக்கிப் பொடியைத் தூவி இரண்டு பாக்கெட், சிவப்பு சோடா. வீட்டுக்கு வந்து அதற்கப்புறம் சாப்பாடு. உடம்பு வைத்தபோது ஊரே மெச்சியது. பெரிய மனுஷன் உடம்பு வந்துவிட்டது என்றார்கள். லெசியெலியும்தான் பூரித்துப் போனாள், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் வேலை பார்ப்பதும் கறிக்கடையில்தான். கடல் தாண்டிப் பெட்டி பெட்டியாக வருகிற ஆட்டு மடல், வயிற்றோரத்துக் கறி, முக்கால் பங்கு கொழுப்பு. பனிக்கட்டியாக உறைந்திருக்கும். அதை மின்சார ரம்பத்தில் கொடுத்துப் பாளம் பாளமாக அறுப்பது அவள் வேலை. பதினோரு வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் வெள்ளையாகக் கொழுப்பு நிற்கும். துண்டு துணுக்கு விழுவதை முதலாளி சும்மாவே கொடுத்துவிடுவார். அதைத்தான் புருஷனுக்கு ஆக்கிப் போட்டாள்.

திங்கட்கிழமை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நர்சம்மா பாதத்தில் அங்கங்கே ஊசியால் குத்தி வலிக்கிறதா என்று கேட்டாள், அவன் இல்லை என்று தலையாட்டினான். சுண்டுவிரல் ஒரு மாதமாகவே கறுத்துக் கிடந்ததை இவர்கள் சொல்லவில்லை என்று திட்டினாள். சர்க்கரை எவ்வளவு என்று குத்திப் பார்த்து, கருவியில் எண் வரவில்லை என்றாள். கருவி காட்டக்கூடிய அளவைத் தாண்டிப் போயிருந்தது. கணுக்காலுக்கு மேலே நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"சிவப்பு இந்தக் கோட்டைத் தொட்டா யோசிக்கப்பிடாது. எங்கிட்டயும் வரப்பிடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. கால் போனாலும் ஆள் இருப்பாரு" என்றாள்.

சியோசாயா வண்டியில் ஏறியதும், "அவ கிடக்கா" என்று சாவியைத் திருகினான்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான் என்று லெசியெலிக்குத் தெரியும். காரணம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைப் பவள மணல் குவித்து, ஓரத்தில் பிளாஸ்டிக் பூ நட்டு, இரண்டு கல்லறைகள். ஒன்று ஆள் நீளம். மற்றது அதில் பாதிகூட இல்லை. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் குழந்தை என்று நினைத்து உச்சுக் கொட்டுவார்கள். குழந்தை இல்லை. அது சியோசாயாவின் அப்பா வைனிகோலோவின் இடது கால்.

பத்து வருஷத்துக்கு முன் அவர் காலை எடுத்தார்கள். எடுத்ததை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி வந்து, சின்னப் பெட்டியில் வைத்து, ஜெபம் செய்து, முறையாகத்தான் அடக்கம் பண்ணினார்கள். ஒரு வாரம் கழித்து மாமனார் படுக்கையில் கிடந்தபடி, கால் விரலிடுக்கில் எறும்பு கடிக்கிறது, தட்டிவிடுங்கள் என்று அழ ஆரம்பித்தார். எந்தக் கால் என்று கேட்டால் இல்லாத காலைக் காட்டினார். மூன்று நாள் அந்தக் கூப்பாடு. கடைசியில் குழியைத் திறந்து பார்த்தார்கள். துணிக்குள் செவ்வெறும்பு புற்று வைத்திருந்தது. லெசியெலி தன் கையாலேயே துடைத்து எண்ணெய் தடவிப் புதுத்துணி சுற்றினாள். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார். அதை அவள் கண்ணால் பார்த்தவள். பொய்யென்று எப்படிச் சொல்வாள்?

ஆனால் வருஷம் திரும்புமுன் அவரும் போய்விட்டார். கால் முன்னால் போய் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டது என்று ஊரில் பேச்சு. சியோசாயா அதை நம்பினான். "என்னைப் பாகம் பாகமா அனுப்பாதே. போனா முழுசா போறேன்" என்றான்.

அவனை அசைக்க ஒரே ஆள்தான் உண்டு. அவன் அக்கா கலோலைனே. தம்பி வீட்டில் அக்கா சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. கல்யாணமோ சாவோ, நல்ல பாய் அவளுக்கு, பன்றியின் முதுகுப் பங்கு அவளுக்கு. அவள் 'எழுந்திரு' என்றால் அவன் எழுந்திருப்பான். ஆனால் அக்காளும் தம்பியும் வயசுக்கு வந்த நாள் முதல் ஒரு கூரைக்குக் கீழே படுப்பதில்லை, ஒரே பலகையில் உட்காருவதில்லை. ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் காதில் பேசுவது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். தம்பிக்குக் காய்ச்சல் என்றால்கூட, "ஆள் கொஞ்சம் அசதியா இருக்காரு" என்றுதான் அக்காளிடம் சொல்ல வேண்டும். அப்படியிருக்க காலைப் பற்றி, புண்ணைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி மருமகளாக வந்தவள் எப்படி வாயைத் திறப்பாள்?

செவ்வாய்க்கிழமை சிவப்பு கோட்டைத் தொட்டது. லெசியெலி ஆக்லாந்துக்குப் போன் போட்டாள்.

"மதினி, உங்க தம்பி கொஞ்சம் அசதியா இருக்காங்க."

கலோலைனே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா காலைத் தோண்டணும். தனியா கிடந்து கூப்பிடுது. நான் வாரேன்."

கால் என்ற வார்த்தையை லெசியெலி சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை விமானத்தில் கலோலைனே வந்திறங்கினாள். விமான நிலையத்தில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பியைவிடப் பெரிய உடம்பு. கூடவே மூன்று குளிர்பெட்டி நிறையக் கோழியும் உப்புக்கறியும். முறைப்படி பெனிசிமானி வீட்டில்தான் தங்கினாள். அங்கிருந்து விடிந்தால் தம்பிக்கு ஒரு தட்டு, அடைந்தால் ஒரு தட்டு. அக்கா அனுப்பியதை மிச்சம் வைத்தால் அக்காளையே அவமதித்த மாதிரி. சியோசாயா வியர்த்து வழிய வழியச் சாப்பிட்டான். நடுவில் ஒரு தடவை மூச்சு முட்டி நிறுத்தி, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மறுபடியும் கையை வைத்தான். பயந்தவன் ஜெபம் சொல்லுகிற மாதிரி சாப்பிடுகிறானே என்று லெசியெலிக்குத் தோன்றியது. தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை.

இரண்டு தடவை மதினியிடம் பேசப் போனாள். சுற்றி எப்போதும் பெண்கள். கலோலைனே பாயில் உட்காராமல் நாற்காலியில், வீட்டுக்குள்ளேயும் வெள்ளை பூட்ஸ் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். நியூசிலாந்துப் பழக்கம் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள். லெசியெலி, "அவங்க ரொம்ப அசதியா..." என்று ஆரம்பித்தாலே கலோலைனே கையை உயர்த்தி, "சனிக்கிழமை எல்லாம் சரியாகும்" என்று பேச்சை வெட்டிவிடுவாள். பரிசம் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் கீழ்ப்படியில் நிற்கிறவள் லெசியெலி. திரும்பி வந்துவிட்டாள். வரும்போதெல்லாம் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தபோது சிவப்பு, நீலக் கோட்டுக்கு மேலே நாலு விரல் அளவு ஏறியிருந்தது.

சனிக்கிழமை விடியலில் தூறல். காற்றே இல்லை. சீமைப்பலா மரத்திலிருந்து அழுகின பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கலோலைனே வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சியோசாயாவை அவள் பார்வை படாத பக்கம் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். பெனிசிமானியும் இன்னும் இரண்டு பேரும் மணலை ஒதுக்கித் தோண்டினார்கள். பெனிசிமானி இருக்கிற இடத்தில் வேடிக்கைப் பேச்சுக்குக் குறைவிருக்காது. அன்றைக்குத் தோண்டுவதிலேயே குறியாக இருந்தான்.

பெட்டி உளுத்துப் போயிருந்தது. மூடியை எடுத்ததும் பெனிசிமானி மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தான். லெசியெலி எட்டிப் பார்த்தாள்.

எலும்பு வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. பாத எலும்புகள் ஒன்று பிசகாமல் அடுக்கி வைத்ததுபோல் இருந்தன. சீமைப்பலாவின் வேர் ஒன்று, கட்டைவிரல் தடிமன், பெட்டியைத் துளைத்து வந்து குதிகாலுக்குக் கீழே நுழைந்து மேலே போயிருந்தது. சியோசாயாவின் காலில் கல் சுட்ட இடமும் அதே இடம்தான். ஒரு நூல்கூட விலகவில்லை.

ஐயோ, நான்தான் புரியாமல் நர்சு, ஊசி என்று அலைந்தேனோ, மதினி சொன்னதுதான் நிஜமோ என்று அந்த நிமிஷம் அவளும் நம்பினாள். பெனிசிமானி வேரின் இரண்டு பக்கத்தையும் கத்தியால் அறுத்து, நடுத்துண்டை மெல்ல உருவினான். உருவும்போது, அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த சியோசாயா பெருமூச்சு விட்டான்.

"வலி போயிட்டு" என்றான்.

தோண்டினவர்கள் கையெடுத்து ஜெபம் செய்தார்கள். ஒருத்தன் அழுதான். வேனுக்குள் கலோலைனே கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். எலும்புக்கு எண்ணெய் தடவி, புதுத்துணியில் சுற்றி, பெரிய கல்லறையின் தலைமாட்டைத் திறந்து அங்கேயே வைத்தார்கள். இப்போது வைனிகோலோ முழு ஆள்.

லெசியெலி மட்டும் அசையாமல் நின்றாள். வலி போய்விட்டதா? எந்த வலி? கல்லில் தோல் ஒட்டியபோது வராத வலி, நர்சம்மா ஊசியால் குத்திக் குத்திக் கேட்டபோது வராத வலி, என்றைக்கு வந்து இன்றைக்குப் போயிற்று? அவனிடமே போய்க் கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப வலிச்சது?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் இவ்வளவு பாடுபட்டிருக்காங்கல்லா" என்றான்.

மத்தியானம் விருந்து. முழுப் பன்றி இரண்டு, கோழி, மடல் பொட்டலம் அறுபது, தேங்காய்ப்பாலில் மிதக்கும் கிழங்கு. தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரே வந்து தின்றது. லெசியெலி சியோசாயாவை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் காலின் துணிக்கட்டை அவிழ்த்தாள். பழைய துணி ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தாள். கடைசிச் சுற்று வரும்போது துணியோடு என்னவோ சேர்ந்து வந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். சுண்டுவிரல்.

அவன் கட்டிலில் மல்லாந்து, அக்கா அனுப்பிய முதுகுத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெளிய என்ன பாடுதாங்க?" என்று கேட்டான்.

லெசியெலி அதைக் கைக்குட்டையில் வைத்து மடித்தாள். எழுந்து கூட்டத்தின் நடுவே நடந்து, பந்தியின் தலைப்பில் பூமாலையோடு உட்கார்ந்திருந்த கலோலைனேயிடம் போய், தனியாக வர வேண்டும் என்றாள். பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். மருமகள் அப்படிக் கூப்பிடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் முகத்தில் என்ன இருந்ததோ, கலோலைனே எழுந்து வந்தாள்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால், லெசியெலி கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

"உங்க தம்பி உடம்பைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல மதினி. நீங்களே பாத்துக்கிடுங்க."

இவள் அலறுவாள், அறைவாள், மரியாதை கெட்டவள் என்று தலைமுடியைப் பிடிப்பாள் என்றுதான் லெசியெலி காத்திருந்தாள். கலோலைனே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே பஞ்சு திணித்திருந்தது. பஞ்சை எடுத்ததும் பாதத்தின் ஒரு ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. மூன்று விரல் இல்லை. இருக்கிற இரண்டும் கறுத்திருந்தன.

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "அடுத்து மேல எடுக்கணும்கான் டாக்டர். நாள் குறிச்சுட்டான். அதுக்குள்ளதான் நீ போன் போட்ட."

"ஏன் மதினி சொல்லல?"

"தம்பி காதுல விழுற மாதிரி சொல்லுத விஷயமாடி இது? அவன் எப்படி என் முகத்தைப் பாப்பான்? அப்பாவைச் சேத்து வச்சுட்டா எனக்கு இது நின்னுரும்னு நினைச்சேன். அவனுக்கும் இருக்குன்னு ஆண்டவன் சத்தியமா எனக்குத் தெரியாது. அசதின்னுதானே சொன்ன. நான் இத்தனை தட்டு அனுப்பினேனே."

அதைச் சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, இப்போதே வண்டியில் ஏற்று, அக்கா உத்தரவு என்று சொல், என் காலைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே என்றாள். லெசியெலி தலையசைத்தாள்.

அக்கா சொல்லிவிட்டாள் என்றதும் சியோசாயா மறுபேச்சில்லாமல் வேனில் ஏறினான். பெனிசிமானி ஓட்டினான். கலோலைனே பின்னால் இன்னொரு வண்டியில் வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வர அவளுக்கு முறை இல்லை.

டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்ததும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே என்றாள். சம்மதக் காகிதத்தை நீட்டினாள். சியோசாயா அதைத் தொடவில்லை. குடும்பத்தில் யாருக்கெல்லாம் இப்படி என்று அவள் கேட்டபோது, "அப்பாவுக்கு" என்றான்.

"கூடப்பிறந்தவங்க?"

"அக்கா ஒருத்தி. அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா." அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது.

லெசியெலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாதே என்று ஒருத்தி கெஞ்சியிருக்கிறாள். சொல்லாமல் இருந்து இருந்துதான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அவங்க அக்காவுக்கும் உண்டும்மா" என்றாள்.

சியோசாயா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு தம்பி அப்படித்தான் செய்ய வேண்டும். அந்தப் பெரிய முதுகு ஏறி இறங்குவதை லெசியெலி பார்த்தாள். கால் வெந்தபோது வராத கண்ணீர் சுவரோரமாய் வடிந்தது. சுவரைப் பார்த்தபடியே அவன் வாயிலிருந்து, ஐம்பத்தோரு வயசில் முதல் தடவையாக, அந்தக் கேள்வி வந்தது.

"எந்தக் கால்?"

"இடது."

"எத்தனை விரல்?"

"மூணு போயிட்டு. மீதியும் கறுத்துட்டு. முழுசா எடுக்கணும்கிறாங்களாம். பயந்துக்கிட்டு இங்க ஓடி வந்திருக்காங்க."

அவன் பேனாவைக் கேட்டு வாங்கினான். கையெழுத்துப் போட்டான். போர்வையைத் தானே இழுத்து ஒதுக்கி, அழுகின காலை வெளியே வைத்தான். "போய் அக்காவை உள்ள வரச் சொல்லு. அவ பாக்கட்டும்" என்றான்.

லெசியெலி வாசலுக்குப் போனாள். கலோலைனே வண்டிக்குள் விருந்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதபடியே இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தாள். தான் தின்பது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. லெசியெலி கூடையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லிட்டேன் மதினி. உங்க தம்பி கூப்பிடுதாங்க."

கலோலைனே புறங்கையால் வாயைத் துடைத்தாள். குனிய முடியாமல் குனிந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி, பஞ்சை எடுத்து வண்டியிலேயே போட்டாள். பிறகு லெசியெலியின் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, வெறுங்காலோடு ஆஸ்பத்திரிப் படி ஏறினாள்.